டிஸ்ப்ளே வேலை செய்யவில்லையா? திரையில் தெரிவதை வைத்தே பிழையைப் பிடிக்கலாம்

ஆர்டுயினோவிலோ ஈஎஸ்பி32 போர்டிலோ டிஸ்ப்ளேவை மாட்டி, லைப்ரரியோடு வரும் உதாரண நிரலை ஏற்றியும் ஒன்றும் தெரியவில்லை என்றால், பலரும் உடனே இன்னொரு லைப்ரரியை இறக்கிப் பார்ப்பார்கள். அதுவும் சரிப்படவில்லை என்றால் மூன்றாவது. ராத்திரி முழுக்க இப்படியே போய்விடும். லைப்ரரியை மாற்றும் முன் திரையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கருப்பாக இருப்பது வேறு, வெள்ளையாக இருப்பது வேறு, புள்ளி புள்ளியாக இரைவது வேறு. மைக்ரோகண்ட்ரோலர் அனுப்பியது எதுவரை போய்ச் சேர்ந்திருக்கிறது என்பதை ஒவ்வொன்றும் காட்டிக்கொடுக்கும்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. இந்த டிஸ்ப்ளேக்கள் பெரும்பாலும் கேட்டுக்கொள்ளும், பதில் பேசாது. எஸ்பிஐ (கிளாக், விவரம் என்று தனித்தனி வயர்களில் வேகமாக அனுப்பும் முறை) டிஸ்ப்ளேவில் ஒரு வயரைக்கூட மாட்டாமல் நிரலை ஓட்டினாலும் பிழைச் செய்தி வராது. சின்ன ஓஎல்இடிகளில் இருக்கும் எஸ்எஸ்டி1306 கண்ட்ரோலர் சிப்புக்கான அடாஃப்ரூட் நிறுவன லைப்ரரியில் 'பிகின்' என்ற தொடக்கக் கட்டளை சரியென்று திரும்பினால் டிஸ்ப்ளே கிடைத்துவிட்டது என்று பலர் நம்புகிறார்கள். படம் வைத்துக்கொள்ள 1024 பைட் நினைவகம் கிடைத்தது என்பதுதான் அதற்கு அர்த்தம். டிஸ்ப்ளே மேசை டிராயரில் கிடந்தாலும் அது சரியென்றே சொல்லும். ஆகவே நமக்குக் கிடைக்கும் சாட்சி பெரும்பாலும் திரை மட்டும்தான்.

கடைகளில் அதிகம் கிடைக்கும் வகைகளை வைத்தே சொல்கிறேன்: ஐ2சி என்ற இரண்டு வயர் முறையில் ஓடும் 0.96 அங்குல ஓஎல்இடி, எஸ்பிஐ-யில் ஓடும் ஐஎல்ஐ9341, எஸ்டி7735, எஸ்டி7789 கண்ட்ரோலர் சிப் கொண்ட வண்ண டிஎஃப்டிகள், கடைசியில் பழைய 16×2 எல்சிடி. ஹெக்ஸ் எண்களை அப்படியே 3சி, ஏஎஃப் என்று எழுதியிருக்கிறேன். முன்னால் சுழியமும் எக்ஸும் போட்டு நிரலில் எழுதிக்கொள்ளுங்கள்.

## மின்சாரம் கொடுப்பதற்கு முன்

நான்கு பின் ஓஎல்இடிகளில் சிலவற்றில் முதல் பின் ஜிஎன்டி (கிரவுண்ட்), இரண்டாவது விசிசி (சப்ளை). வேறு சிலவற்றில் இது தலைகீழ். பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். இணையத்தில் கிடைத்த வயரிங் படத்தைப் பார்த்து மாட்டாதீர்கள், போர்டில் அச்சடித்திருப்பதைப் படித்து மாட்டுங்கள். தலைகீழாக மாட்டிய டிஸ்ப்ளேவுக்கு இந்தக் கட்டுரையில் மருந்து இல்லை.

இன்னொன்று, பின் வரிசையைத் துளைக்குள் சும்மா செருகிவைத்து 'அப்புறம் சாலிடர் பண்ணிக்கொள்ளலாம்' என்று ஓட்டிப் பார்ப்பது. அப்படிச் செருகியது சில நேரம் தொடும், சில நேரம் தொடாது. கீழே வரும் எல்லா அறிகுறிகளையும் அது மாற்றி மாற்றிக் காட்டும். முதலில் சாலிடர் பண்ணிவிடுங்கள்.

## ஓஎல்இடி கருப்பு, ஸ்கேனரிலும் முகவரி இல்லை

ஐ2சி-யில் ஒரு வசதி உண்டு. ஒவ்வொரு பைட் போனதும் ஒன்பதாவது கிளாக்கில், கேட்பவர் எஸ்டிஏ வயரை (இது விவரம் போகும் வயர், எஸ்சிஎல் கிளாக் வயர்) கீழே, அதாவது சுழிய வோல்ட் பக்கம், இழுத்து 'வந்து சேர்ந்தது' என்று காட்ட வேண்டும். டிஸ்ப்ளே நமக்குத் தரும் ஒரே பதில் இதுதான். ஐ2சி ஸ்கேனர் என்ற சின்ன நிரல் எல்லா முகவரிகளையும் வரிசையாகக் கூப்பிட்டு, யாரிடமிருந்து இந்தப் பதில் வருகிறது என்று பட்டியல் போடும். எஸ்எஸ்டி1306 என்றால் 3சி அல்லது 3டி வர வேண்டும். போர்டின் பின்பக்கம் 78, 7ஏ என்று போட்டிருந்தால் குழம்ப வேண்டாம். 3சி-யை ஒரு பிட் இடப்பக்கம் தள்ளினால் 78, 3டி-யைத் தள்ளினால் 7ஏ. லைப்ரரிகள் பெரும்பாலும் கேட்பது தள்ளாத எண்ணை.

ஒன்றுமே வரவில்லை என்றால் மல்டிமீட்டரை எடுங்கள். ஐ2சி-யைத் தொடாத ஒரு வெற்று நிரலை ஏற்றிவிட்டு, எஸ்டிஏ, எஸ்சிஎல் இரண்டையும் கிரவுண்டுக்கு எதிராக அளந்து பாருங்கள். சும்மா இருக்கும்போது இரண்டும் சப்ளை வோல்டேஜுக்குப் பக்கத்தில், அதாவது 3.3 அல்லது 5 வோல்ட்டுக்கு அருகில் இருக்க வேண்டும். இரண்டும் சுழியம் என்றால் டிஸ்ப்ளேவுக்குச் சப்ளை போகவில்லை, அல்லது புல்-அப் ரெசிஸ்டர் இல்லை. ஒன்று மட்டும் சுழியம் என்றால் அந்த வயர் எங்கோ கிரவுண்டைத் தொடுகிறது, அல்லது பஸ்ஸில், அதாவது இந்தப் பொது வயர்களில், இருக்கும் ஏதோ ஒரு சிப் அதைப் பிடித்து வைத்திருக்கிறது.

புல்-அப் பற்றி ஒரு வார்த்தை. ஐ2சி-யில் சிப்புகள் வயரைக் கீழே இழுக்க மட்டும்தான் செய்யும், மேலே ஏற்றுவது ரெசிஸ்டரின் வேலை. ஆர்டுயினோ யூனோவில் இருக்கும் ஏடிமெகா328பி சிப்பின் உள் புல்-அப் 20 முதல் 50 கிலோஓம். அதை மட்டும் நம்பினால் சிக்னல் மெதுவாகத்தான் ஏறும். மாட்யூலில் 4.7 அல்லது 10 கிலோஓம் ரெசிஸ்டர் இருக்கிறதா என்று, சப்ளையைக் கழற்றிவிட்டு எஸ்டிஏ-வுக்கும் விசிசி-க்கும் நடுவே அளந்து பார்க்கலாம். இல்லையென்றால் வெளியே 4.7 கிலோஓம் இரண்டு போடுங்கள், 3.3 வோல்ட்டுக்கு.

வோல்டேஜ் சரியாக இருந்தும் முகவரி வரவில்லையா? எஸ்டிஏ, எஸ்சிஎல் இரண்டையும் மாற்றி மாட்டிப் பாருங்கள், அதனால் எதுவும் கெடாது. யூனோவில் எஸ்டிஏ ஏ4, எஸ்சிஎல் ஏ5. வழக்கமான ஈஎஸ்பி32-இல் 21, 22. அதே குடும்பத்தின் சி3, எஸ்3 வகைகளில் எண்கள் வேறு. ஈஎஸ்பி32-இல் 34 முதல் 39 வரையுள்ள பின்கள் உள்ளீட்டுக்கு மட்டுமே, அவற்றில் மாட்டினால் எத்தனை லைப்ரரி மாற்றினாலும் வராது.

## முகவரி வருகிறது, திரை மட்டும் கருப்பு

இது நல்ல செய்தி. சப்ளை, வயர், முகவரி மூன்றும் சரி. மிச்சமிருப்பது, டிஸ்ப்ளேவுக்கு நாம் சொல்வது புரிகிறதா என்பது மட்டும்.

இங்கே நான் எப்போதும் செய்வது லைப்ரரியை ஓரமாக வைத்துவிட்டு, கையாலேயே ஐந்து பைட் அனுப்புவது. 3சி முகவரிக்கு ஒரு பரிமாற்றத்தைத் தொடங்கி 00, 8டி, 14, ஏஎஃப், ஏ5 என்று வரிசையாக எழுதி முடியுங்கள். 00 என்பது 'இனி வருவதெல்லாம் கட்டளை' என்ற அறிவிப்பு. 8டி, 14 இரண்டும் சேர்ந்து சிப்புக்குள் இருக்கும் சார்ஜ் பம்ப்பை ஓட வைக்கும், 3.3 வோல்ட்டிலிருந்து ஓஎல்இடிக்குத் தேவையான ஏழு வோல்ட் சொச்சத்தை உருவாக்குவது அதுதான். ஏஎஃப் திரையைப் போடும். ஏ5 என்பது 'நினைவகத்தில் என்ன இருந்தாலும் கவலைப்படாதே, எல்லா பிக்சலையும் எரிய விடு' என்ற கட்டளை.

திரை முழுக்க ஒளிர்ந்தால் கண்ணாடி, கண்ட்ரோலர், சார்ஜ் பம்ப், கட்டளை போகும் பாதை எல்லாம் நன்றாக இருக்கின்றன. பிழை உங்கள் நிரலில் அல்லது லைப்ரரிக்குக் கொடுத்த அமைப்பில். ஏ4 அனுப்பினால் திரை பழையபடி நினைவகத்தைக் காட்டத் தொடங்கும். முகவரி வந்தும் ஏ5-க்கு ஒளிரவில்லை என்றால் மாட்யூலையே சந்தேகியுங்கள். கண்ணாடியிலிருந்து போர்டுக்கு வரும் பழுப்பு நிற ரிப்பன், மடிப்பில் விரிசல் விடுவது சகஜம்.

ஒளிர்கிறது, ஆனால் லைப்ரரி வழியாக எழுதினால் தெரியவில்லை என்றால் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, எழுதியதை அனுப்பினீர்களா? அடாஃப்ரூட் லைப்ரரியில் எழுத்து, கோடு எல்லாம் மைக்ரோகண்ட்ரோலரின் நினைவகத்தில்தான் வரையப்படும். 'டிஸ்ப்ளே' என்று கூப்பிட்ட பிறகுதான் திரைக்குப் போகும். யு8ஜி2 என்ற இன்னொரு லைப்ரரியில் அதற்கு 'சென்ட்பஃபர்'. இரண்டாவது, நினைவகம். யூனோவில் மொத்தமே 2048 பைட். அதில் பாதியை டிஸ்ப்ளே பஃபர் எடுத்துக்கொள்ளும். அது நிரல் ஓடும்போது கேட்டு வாங்கப்படுவதால், தொகுக்கும்போது வரும் நினைவகக் கணக்கில் சேராது. கணக்கு 60 சதவீதம் என்று நிம்மதியாகக் காட்டும், ஓட்டினால் திரை கருப்பாக இருக்கும். எஸ்டி கார்டு லைப்ரரியும் கூட இருந்தால் யூனோவில் பெரும்பாலும் இதுதான் நடக்கிறது. யு8ஜி2-வின் பக்கம் பக்கமாக வரையும் முறைக்கு 128 பைட்டே போதும், அதற்கு மாறிக்கொள்ளுங்கள்.

## புள்ளி இரைச்சல், இடம் பெயர்ந்த எழுத்து

மின்சாரம் வந்தவுடன் சிப்பின் நினைவகத்தில் கண்டபடி எதுவாவது இருக்கும். அந்தப் பனிப்பொழிவு அப்படியே தெரிந்தால் கட்டளைகள் போய்ச் சேர்ந்துவிட்டன, பட விவரம் போகவில்லை. ஓஎல்இடியில் விவரத்துக்கு முன்னால் 40 என்ற பைட் போக வேண்டும். நீங்களே எழுதிய டிரைவரில் 40-க்குப் பதில் 00 போனால், படத்தின் பைட்டுகளைச் சிப் கட்டளையாக எடுத்துக்கொள்ளும். அதன் விளைவு வேடிக்கையாக இருக்கும்: ஒரு எழுத்து வரையப் போனால் திரை தலைகீழாகும், மங்கும், நெகட்டிவ் ஆகும், சில நேரம் அணைந்தே போகும். எஸ்பிஐ டிஸ்ப்ளேவில் இதே குறும்பு தெரிந்தால் டிசி வயரைப் பாருங்கள், அங்கே கட்டளையா விவரமா என்று பிரிப்பது அந்த ஒரு வயர்தான்.

வலது அல்லது இடது ஓரத்தில் மட்டும் இரண்டு பிக்சல் அகலத்துக்கு இரைச்சல், மற்றபடி எழுத்து கொஞ்சம் தள்ளித் தெரிகிறது என்றால், உங்கள் கையில் இருப்பது எஸ்எஸ்டி1306 அல்ல, எஸ்எச்1106. பெரும்பாலான 1.3 அங்குல ஓஎல்இடிகளில் அதுதான் இருக்கிறது. விற்பவர் என்ன எழுதியிருந்தாலும் சரி. எஸ்எச்1106-இன் நினைவகம் 132 நெடுவரிசை அகலம், கண்ணாடி 128 தான். படம் இரண்டு நெடுவரிசை தள்ளித் தொடங்க வேண்டும். அதோடு, எஸ்எஸ்டி1306-இல் முழுப்படத்தையும் ஒரே மூச்சில் கொட்ட உதவும் கிடைமட்ட முகவரி முறை இதில் கிடையாது. எட்டு பிக்சல் உயரமுள்ள ஒரு பட்டை மட்டும் மாறிக்கொண்டே இருந்து, மற்றதெல்லாம் பனிப்பொழிவாகவே நின்றால் சந்தேகமே வேண்டாம். யு8ஜி2-வில் எஸ்எச்1106-க்கான வரியைத் தேர்ந்தெடுத்தால் தீர்ந்தது.

எழுத்து நெட்டுவாக்கில் இழுபட்டு, ஒரு வரி விட்டு ஒரு வரி காலியாகத் தெரிந்தால் 128×64 திரைக்கு 128×32 அமைப்பைக் கொடுத்திருக்கிறீர்கள். டிஏ கட்டளைக்குப் பிறகு 12 போக வேண்டிய இடத்தில் 02 போகிறது, ஏ8-க்குப் பிறகு 3எஃப்-க்குப் பதில் 1எஃப் போகிறது.

## ரீசெட் அழுத்தினால் வருகிறது, புதிதாகப் போட்டால் வருவதில்லை

கணினியோடு இணைத்திருக்கும்போது நன்றாக ஓடும். அடாப்டரில் மாட்டிப் போட்டால் திரை கருப்பு. ரீசெட் பட்டனை அழுத்தினால் வந்துவிடும். சப்ளை மெதுவாக ஏறுகிறது. டிஸ்ப்ளே விழிப்பதற்குள் மைக்ரோகண்ட்ரோலர் தொடக்கக் கட்டளைகளைச் சொல்லி முடித்துவிட்டது. தொடக்கத்தில் 100 மில்லிசெகண்ட் காத்திருக்கச் சொல்லுங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். ரீசெட் பின் வெளியே வந்திருக்கும் மாட்யூல் என்றால், அதை ஒரு ஜிபிஐஓ-வில் (நிரலால் ஏற்றி இறக்கக்கூடிய பின்) மாட்டி நீங்களே கீழே இழுத்து விடுவது இன்னும் நல்லது.

ஈஎஸ்பி32-இல் இதற்கு நேர்மாறான தொல்லை ஒன்று உண்டு. டிஸ்ப்ளே மாட்டியிருந்தால் போர்டே தொடங்காது, கழற்றினால் தொடங்கும். 12-ஆவது பின்னில் ஏதாவது மாட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள். போர்டு தொடங்கும் நொடியில் அந்தப் பின் மேலே இருந்தால், ஃபிளாஷ் நினைவகத்துக்கு 3.3-க்குப் பதில் 1.8 வோல்ட் என்று சிப் முடிவு செய்துவிடும். வேறு பின்னுக்கு மாற்றிவிடுங்கள்.

## கொஞ்ச நேரம் ஓடி உறைந்து போகிறது

முதல் கேள்வி: டிஸ்ப்ளே மட்டும் உறைகிறதா, நிரலே உறைகிறதா? ஒரு எல்இடியை நிரலின் சுழற்சியில் மின்னவிட்டால் தெரிந்துவிடும்.

எல்இடி மின்னிக்கொண்டே இருந்து திரை மட்டும் நின்றால் அல்லது கருப்பானால், டிஸ்ப்ளே தானாக ரீசெட் ஆகியிருக்கிறது. சப்ளையில் ஏற்பட்ட பள்ளம்தான் வழக்கமான காரணம். ஈஎஸ்பி32 வைஃபையைப் போடும் கணத்தில் மின்னோட்டம் சில நூறு மில்லிஆம்பியர் குதிக்கும். ஓஎல்இடியிலும் எரியும் பிக்சல் கூடக் கூட மின்னோட்டம் கூடும். நாலு வார்த்தை எழுதினால் ஓடுகிறது, திரை முழுக்க வெள்ளையடித்தால் படுத்துவிடுகிறது என்றால் சப்ளைதான். டிஸ்ப்ளேவின் விசிசி, ஜிஎன்டி பக்கத்திலேயே 10 மைக்ரோஃபாரட்டும் 0.1 மைக்ரோஃபாரட்டும் போடுங்கள். ரிலே, மோட்டார் இருந்தால் அவற்றின் கிரவுண்டைத் தனியாகக் கொண்டுவந்து ஒரே இடத்தில் சேருங்கள்.

எல்இடியும் நின்றுபோனால் ஐ2சி பஸ் மாட்டிக்கொண்டிருக்கிறது. அதே பஸ்ஸில் சென்சாரும் இருந்து, அதை வாசிக்கும் நடுவில் மைக்ரோகண்ட்ரோலர் ரீசெட் ஆகியிருந்தால், சென்சார் மிச்ச பிட்டுகளுக்கான கிளாக்குக்காக எஸ்டிஏ-வைப் பிடித்துக்கொண்டே காத்திருக்கும். எஸ்சிஎல் பின்னைக் கையால் ஒன்பது முறை ஏற்றி இறக்கினால் விட்டுவிடும். ஒவ்வொரு தொடக்கத்திலும் இந்த ஒன்பது துடிப்புகளை அனுப்பிவிட்டுப் பிறகு ஐ2சி-யைத் தொடங்குவது நல்ல பழக்கம். யூனோ போன்ற ஏவிஆர் போர்டுகளில் ஐ2சி-க்கான 'வயர்' என்ற லைப்ரரிக்கு ஒரு காலக்கெடுவையும் வையுங்கள், இல்லாவிட்டால் பதில் வராதபோது நிரல் அங்கேயே நின்றுவிடும்.

மாட்யூல்களை அடுக்கிக்கொண்டே போனாலும் இந்தத் தொல்லை வரும். ஐந்து மாட்யூலில் தலா 4.7 கிலோஓம் புல்-அப் இருந்தால் மொத்தம் 940 ஓம். 3.3 வோல்ட்டில் வயரைக் கீழே இழுக்க 3.5 மில்லிஆம்பியர் வேண்டும், ஐ2சி விதிப்படி ஒரு சிப் கட்டாயம் இழுக்க வேண்டியது 3 மில்லிஆம்பியர்தான். இரண்டு மூன்று மாட்யூல்களில் அந்த ரெசிஸ்டர்களைக் கழற்றிவிடுங்கள்.

## டிஎஃப்டி வெறும் வெள்ளை

பேக்லைட் எரிகிறது என்பது பேக்லைட்டுக்கு மின்சாரம் போகிறது என்பதை மட்டும்தான் சொல்லும். கண்ட்ரோலரோடு பேச்சுவார்த்தை நடந்ததற்கு அது சாட்சி இல்லை. ஐஎல்ஐ9341, எஸ்டி7735 போன்ற சாதாரண பேனல்கள் ஓட்டப்படாதபோது வெளிச்சத்தை அப்படியே விடும், அதனால் வெள்ளை. ஐபிஎஸ் பேனல் உள்ள எஸ்டி7789 ஓட்டப்படாதபோது வெளிச்சத்தைத் தடுக்கும். அதில் இதே பிழை, பின்னால் மெல்லிய ஒளி கசியும் கருப்பாகத் தெரியும். 'உன்னுடையது வெள்ளை, என்னுடையது கருப்பு' என்று இரண்டு பேர் வேறு வேறு பிழையைத் தேட வேண்டாம்.

முதலில் வோல்டேஜ். ஐஎல்ஐ9341-இன் உள்ளீடுகள் 3.3 வோல்ட்டுக்கானவை. சிவப்பு நிற மாட்யூலில் ரெகுலேட்டர் இருப்பதால் விசிசி-க்கு 5 வோல்ட் கொடுக்கலாம், ஆனால் சிக்னல் பின்களுக்கு அந்த ரெகுலேட்டர் எதுவும் செய்யாது. யூனோவின் 5 வோல்ட் சிக்னலை நேராக மாட்டினால் சிலவற்றில் வெள்ளையாகவே நிற்கும், சிலவற்றில் கொஞ்ச நாள் ஓடி நிற்கும். 3.3 வோல்ட்டில் ஓடும் 74எச்சி4050 சிப் ஒன்றை நடுவே போடுங்கள். நான்கு டிரான்சிஸ்டர் வைத்த சின்ன லெவல் ஷிஃப்டர் போர்டு ஐ2சி-க்குச் சரி, எஸ்பிஐ-க்கு வேண்டாம். அதில் சிக்னலை மேலே ஏற்றுவது 10 கிலோஓம் ரெசிஸ்டர்தான், பல மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் அது ஏறி முடிக்கும் முன்பே அடுத்த பிட் வந்துவிடும்.

இரண்டாவது, ரீசெட் பின். அதை எங்கும் மாட்டாமல் தொங்கவிட்டால் சிப் ரீசெட்டிலேயே கிடக்கலாம். ஜிபிஐஓ இல்லையென்றால் 10 கிலோஓம் வழியாக 3.3 வோல்ட்டுக்குக் கட்டுங்கள்.

மூன்றாவது, வேகத்தை 1 மெகாஹெர்ட்ஸுக்குக் குறைத்துவிட்டுக் கையாலேயே பேசிப் பாருங்கள். 01 என்ற கட்டளை, 150 மில்லிசெகண்ட் காத்திருப்பு, 11, மறுபடி 150, பிறகு 29. மென்பொருள் ரீசெட், உறக்கத்திலிருந்து எழுப்புவது, திரையைப் போடுவது, அவ்வளவுதான். வெள்ளைத் திரை வண்ணப் புள்ளிகளாக மாறிவிட்டால் வயரிங் சரி, சிப் உயிரோடு இருக்கிறது. இனி 21, 20 இரண்டையும் ஒரு செகண்டுக்கு ஒருமுறை மாற்றி மாற்றி அனுப்புங்கள். புள்ளிகள் நெகட்டிவாகவும் பாசிட்டிவாகவும் துடிக்கும். அந்தத் துடிப்பு நிற்காமல் இருக்கும்போது ஒவ்வொரு வயராக லேசாக அசைத்தால் லூஸ் கனெக்‌ஷன் உடனே மாட்டிக்கொள்ளும்.

வெள்ளை அசையவே இல்லையா? மிசோ (டிஸ்ப்ளேவிலிருந்து பதில் வரும்) வயர் இருக்கும் மாட்யூல் என்றால் டி3 கட்டளையில் அடையாள எண்ணைப் படியுங்கள். ஐஎல்ஐ9341 என்றால் 93, 41 வர வேண்டும். வேறு எண் வந்தால் கண்ட்ரோலர் வேறு, லைப்ரரியில் அந்தச் சிப்பைத் தேர்ந்தெடுங்கள். எல்லாம் 00 அல்லது எல்லாம் எஃப்எஃப் என்றால் எதிர்முனையில் யாரும் பேசவில்லை. சிஎஸ் (எந்தச் சிப்போடு பேசுகிறோம் என்று காட்டும் பின்), டிசி, ரீசெட் மூன்றையும் நிரலில் இருக்கும் எண்களோடு ஒப்பிடுங்கள். டிஎஃப்டி_ஈஎஸ்பிஐ லைப்ரரியில் பின் எண்கள் உங்கள் நிரலில் இல்லை, லைப்ரரி கோப்புறைக்குள் இருக்கும் 'யூசர்_செட்டப்' கோப்பில் இருக்கின்றன. லைப்ரரியைப் புதுப்பித்தால் நீங்கள் மாற்றியது அழிந்து பழைய எண்கள் வந்துவிடும். போன மாதம் ஓடிய புராஜெக்ட் இன்று வெள்ளையாக நிற்பதற்கு இது போதும்.

சிஎஸ் பின்னே இல்லாத 1.3 அங்குல எஸ்டி7789 மாட்யூல்கள் தனிக் கதை. உள்ளே சிஎஸ் கிரவுண்டில் கட்டப்பட்டிருக்கும். வழக்கமான எஸ்பிஐ மோடு 0-வில் அவை பேசாமல் உட்கார்ந்திருக்கும், மோடு 3-க்கு மாற்றினால் உடனே எழுந்துவிடும்.

## நிறம் மாறித் தெரிகிறது

சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று கட்டங்களை வரைந்து, பச்சையைப் பாருங்கள். விடை அங்கேதான் இருக்கிறது.

பச்சை பச்சையாகவே இருந்து, சிவப்பும் நீலமும் மட்டும் இடம் மாறியிருந்தால் பேனலின் நிற வரிசை வேறு. 36 கட்டளையின் மதிப்பில் 08 என்ற பிட்டை மாற்றினால் சரி.

மூன்றுமே மாறியிருந்தால் பைட் வரிசை புரண்டிருக்கிறது. 16 பிட் நிறத்தில் முதல் ஐந்து சிவப்பு, நடுவில் ஆறு பச்சை, கடைசி ஐந்து நீலம். முழுச் சிவப்பு எஃப்800. டிஸ்ப்ளே முதலில் எஃப்8, பிறகு 00 என்று எதிர்பார்க்கிறது. ஈஎஸ்பி32 நினைவகத்தில் சின்னப் பைட்டை முதலில் வைக்கும், அப்படியே கொட்டினால் 00எஃப்8 என்று போகும். அதைப் பிரித்தால் சிவப்பு 0, பச்சை 63-க்கு 7, நீலம் 31-க்கு 24. ஆக சிவப்பு நீலமாகத் தெரியும். இதே கணக்கில் பச்சை சிவப்பாகும், நீலம் பச்சையாகும். வெள்ளைக்கும் கருப்புக்கும் ஒன்றும் ஆகாது, அதனால் எழுத்து மட்டும் காட்டும்வரை இந்தப் பிழை வெளியே தெரியாது. கட்டங்கள் சரியாகவும் படங்கள் மட்டும் தவறாகவும் வந்தாலும் இதுதான். டிஎஃப்டி_ஈஎஸ்பிஐ-யில் 'செட்ஸ்வாப்பைட்ஸ்' என்பதைப் போட்டுவிடுங்கள்.

நெகட்டிவ் போலத் தெரிந்தால் 21 அல்லது 20 கட்டளையை அனுப்புங்கள். 3.5 அங்குல ஐஎல்ஐ9488 திரையில் நிறமும் இடமும் சேர்ந்து குழம்பினால், அந்தச் சிப் எஸ்பிஐ-யில் பிக்சலுக்கு இரண்டு பைட்டை ஏற்காது, மூன்று வேண்டும்.

ஓரத்தில் மட்டும் ஓரிரு கோடு இரைச்சல் எஸ்டி7735-இல் வந்தால் லைப்ரரியில் பச்சை டேப், சிவப்பு டேப், கருப்பு டேப் என்று இருப்பவற்றை மாற்றிப் பாருங்கள். 240×240 எஸ்டி7789-ஐத் திருப்பி வைத்தவுடன் படம் 80 பிக்சல் தள்ளிப்போனால், சிப்பின் நினைவகம் 240×320 என்பதுதான் காரணம். மிச்சமிருக்கும் 80 வரிசைகளை லைப்ரரி கணக்கில் எடுக்கவில்லை.

## மெதுவாக ஓடினால் சரி, வேகம் கூட்டினால் குப்பை

ஐஎல்ஐ9341-இன் தரவுத்தாள் எஸ்பிஐ எழுத்துக்குத் தரும் குறைந்தபட்ச சுழற்சி 100 நேனோசெகண்ட், அதாவது 10 மெகாஹெர்ட்ஸ். அந்த வேகத்தில் ஒரு முழுத் திரை, 153,600 பைட், போய்ச்சேர 123 மில்லிசெகண்ட் ஆகும். செகண்டுக்கு எட்டு படம். அதனால்தான் எல்லோரும் 40 மெகாஹெர்ட்ஸில் ஓட்டுகிறார்கள். பெரும்பாலான சிப்புகள் ஓடவும் செய்கின்றன, ஆனால் ஓடியே தீரும் என்று யாரும் உறுதி தரவில்லை. 27 மெகாஹெர்ட்ஸில் சரியாகவும் 40-இல் புள்ளிகளோடும் வந்தால் முதலில் வயரைக் குட்டையாக்குங்கள், கிளாக் வயரோடு ஒரு கிரவுண்ட் வயரைச் சேர்த்து ஓட்டுங்கள், மைக்ரோகண்ட்ரோலர் பக்கம் கிளாக்கில் 33 ஓம் ஒன்றைத் தொடராகப் போடுங்கள். பிரெட்போர்டில் 40 மெகாஹெர்ட்ஸ் எதிர்பார்ப்பது பேராசை.

டிஎம்ஏ (நிரல் காத்திருக்காமல் வன்பொருளே பைட்டுகளை அனுப்பும் முறை) வைத்து நீங்களே எழுதிய டிரைவர் என்றால் இன்னொரு இடம் பார்க்க வேண்டும். டிசி எப்படி இருக்கிறது என்பதை டிஸ்ப்ளே ஒவ்வொரு பைட்டின் கடைசி பிட்டில்தான் பார்க்கிறது. பரிமாற்றம் முடிவதற்குள் நிரல் டிசியை மாற்றிவிட்டால் கடைசி பைட் கட்டளையாகிவிடும். எப்போதாவது ஒருமுறை வரும், மெதுவாக ஓட்டினாலும் முழுசாகப் போகாது, தேடினால் கிடைக்காது. டிஎம்ஏ முடிந்ததா என்று கேட்டபிறகே டிசியைத் தொடுங்கள்.

டச் அல்லது எஸ்டி கார்டைச் சேர்த்ததும் குழப்பம் தொடங்கினால், நிரலின் முதல் வரிகளிலேயே எல்லா சிஎஸ் பின்களையும் மேலே ஏற்றிவிடுங்கள். எக்ஸ்பிடி2046 டச் சிப்புக்கு 2 மெகாஹெர்ட்ஸ் அளவே போதும், டிஸ்ப்ளேவின் 40-ஐ அதற்குக் கொடுக்காதீர்கள்.

## 16×2 எல்சிடியில் மேல்வரி மட்டும் கருப்புக் கட்டங்கள்

எச்டி44780 வகை எல்சிடி மின்சாரம் வந்ததும் காட்டும் இயல்பான முகம் இது. காண்ட்ராஸ்ட் சரி, தொடக்கக் கட்டளை போகவில்லை. ஒன்றுமே தெரியவில்லை என்றால் பின்னால் இருக்கும் நீலப் பொட்டென்ஷியோமீட்டரைத் திருப்பிவிட்டு மற்றதைத் தேடுங்கள்.

எல்சிடியின் பின்னால் இருக்கும் ஐ2சி பேக்பேக் போர்டில் பிசிஎஃப்8574 சிப் இருந்தால் முகவரி பெரும்பாலும் 27. பெயர் ஏ-வில் முடியும் வகை என்றால் 3எஃப். இந்தச் சிப் 100 கிலோஹெர்ட்ஸுக்கானது. அதே பஸ்ஸில் ஓஎல்இடிக்காக 400 வைத்திருந்தால் எல்சிடியில் கண்ட எழுத்தும் வரும். பேக்பேக்கின் புல்-அப் 5 வோல்ட்டுக்குப் போவதால், ஈஎஸ்பி32-இல் நேராக மாட்டாமல் நடுவே லெவல் ஷிஃப்டர் வையுங்கள். முன்னால் சொன்ன நான்கு டிரான்சிஸ்டர் போர்டு இங்கே சரியான பொருள்.

ரீசெட் அழுத்தியதும் எழுத்தெல்லாம் புரியாத குறிகளாக மாறி, மின்சாரத்தை நிறுத்திப் போட்டால் சரியாகிவிட்டால், 4 பிட் முறையில் அரை பைட் தள்ளிப்போயிருக்கிறது. லைப்ரரியின் தொடக்கம் 3 என்ற அரை பைட்டை மூன்று முறை, முதல் தடவைக்குப் பிறகு 4.1 மில்லிசெகண்டுக்குக் குறையாத இடைவெளியோடு அனுப்புகிறதா என்று பாருங்கள்.

## எதுவும் பிடிபடவில்லை என்றால்

எட்டு சேனல், 24 மெகாஹெர்ட்ஸ் லாஜிக் அனலைசர் (வயர்களில் போகும் சிக்னலைப் பதிந்து காட்டும் கருவி) மலிவாகக் கிடைக்கிறது, பல்ஸ்வியூ மென்பொருள் இலவசம். டிஸ்ப்ளே வாங்குபவர்கள் இதையும் சேர்த்து வாங்கிவிடுவதே நல்லது என்பது என் அபிப்பிராயம். எஸ்பிஐ-யை 1 அல்லது 2 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்கிவிட்டுப் பதியுங்கள். 40-ஐ இந்தக் கருவியால் பார்க்க முடியாது. முழுப் பதிவையும் படிக்க வேண்டாம், முதல் இருபது பைட் போதும். ரீசெட் கீழே போய் மேலே வருகிறதா, அதற்குப் பிறகு சிஎஸ் கீழே இருக்கிறதா, 01-உம் 11-உம் போகும்போது டிசி கீழே இருக்கிறதா, 11-க்கும் அடுத்ததற்கும் நடுவே இடைவெளி இருக்கிறதா. ஐ2சி என்றால் ஒவ்வொரு பைட்டின் ஒன்பதாவது துடிப்பைப் பாருங்கள். பதில் முகவரிக்கே வரவில்லையா, முதல் சில பைட்டுகளுக்கு வந்துவிட்டு நடுவில் நின்றதா? நடுவில் நின்றால் சப்ளை அல்லது புல்-அப். முகவரியிலேயே நின்றால் மறுபடி ஸ்கேனரிலிருந்து தொடங்குங்கள்.